டிரெய்லர் கட்டும் முன் போட வேண்டிய எடைக் கணக்கு: முழுமையான வழிகாட்டி

பெரிய பிக்கப் வைத்திருக்கிறவர்களுக்கு மனப்பாடமான ஓர் எண் 3,500 கிலோ. ஃபோர்டு ரேஞ்சர், டொயோட்டா ஹைலக்ஸ், இசூசு டி-மேக்ஸ் என்று ஆஸ்திரேலியாவில் விற்கும் பல மாடல்களுக்கு அதுதான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும். அந்த விளம்பரத்தை நாம் இங்கே பினாங்கில் உட்கார்ந்து யூடியூபில் பார்த்துவிட்டு, மூன்றரை டன் இழுக்கிற வண்டிக்கு நம்ம சாமானெல்லாம் எம்மாத்திரம் என்று டிரெய்லரைக் கட்டிவிடுகிறோம். அந்த எண்ணைக் கடைசியில் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நடைமுறையில் முதலில் தீர்ந்துபோவது இழுக்கும் சக்தி இல்லை, வண்டி தன் முதுகில் தாங்கக்கூடிய எடை. அது தீர்ந்த பிறகு எஞ்சினில் எத்தனை குதிரைச் சக்தி மிச்சமிருந்தாலும் பயன் கிடையாது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள், பத்து மாவுங் பக்கம் மீன்பிடிப் படகை இறக்குகிறவர்கள், இரவுச் சந்தைக்கு உணவு டிரெய்லர் கொண்டுபோகிறவர்கள், எல்லாருக்கும் கணக்கு ஒன்றுதான். ஒரு பேனா, ஒரு தாள், அரை நாள் போதும்.

எண்களை எங்கே தேடுவது

முதலில் வண்டியின் தகட்டைத் தேடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ, பானெட்டுக்குக் கீழேயோ ஒட்டியிருக்கும். கூடவே கையேட்டில் டிரெய்லர் இழுப்பது பற்றிய பக்கத்தைப் பாருங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருப்பதால் எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், இரு சக்கர இயக்கமா நான்கு சக்கர இயக்கமா, எந்த நாட்டுக்காகச் செய்த வண்டி, இவை ஒவ்வொன்றுக்கும் எண் மாறும். உங்கள் வண்டியின் தகடும் அதோடு வந்த கையேடும் சொல்வது மட்டும்தான் உங்களுக்குச் செல்லும்.

ஐரோப்பிய முறையில் அச்சிட்ட தகட்டில் நான்கு எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேலே இருப்பது வண்டியின் அதிகபட்ச மொத்த எடை, ஜிவிஎம் என்பார்கள்: வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான், டிரெய்லர் கொக்கியில் அமுக்கும் எடை எல்லாம் சேர்த்து இதைத் தாண்டக் கூடாது. இரண்டாவது, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை வரம்பு, ஜிசிஎம். மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கக்கூடிய எடை. இரண்டாவது எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தாலோ, முதல் எண்ணும் இரண்டாவதும் ஒன்றாக இருந்தாலோ அந்த வண்டி எதையும் இழுப்பதற்காகச் செய்ததில்லை என்று அர்த்தம். கையேட்டில் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியிருந்தாலும் அதே முடிவுதான். பட்டறையில் கொக்கி பொருத்திக் கொடுப்பார்கள், கொக்கி இருப்பதால் மட்டும் அது இழுக்கும் வண்டியாகிவிடாது.

லோரிகளின் கதவிலும், கம்பெனி பெயரில் ஓடும் வேன்களின் கதவிலும் சுமையில்லாமல் எவ்வளவு, சுமையோடு அதிகபட்சம் எவ்வளவு என்று இரண்டு எடைகள் பெயிண்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சொந்தப் பெயரில் இருக்கும் பிக்கப்புக்கும் அந்த இரண்டு எடைகள் உண்டு, கதவில் எழுதியிருக்காது, அவ்வளவுதான்.

இன்னும் ஓர் எண் வேண்டும்: வெறும் வண்டியின் எடை. இதில் கொஞ்சம் கவனம். ஐரோப்பியக் கணக்கில் வெறும் வண்டி என்றால் 75 கிலோ ஓட்டுநரும் 90 விழுக்காடு எரிபொருளும் உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் டேர் என்று போட்டிருந்தால் 10 லிட்டர் எரிபொருள்தான் சேர்த்தி. 80 லிட்டர் டேங்க் என்றால் எரிபொருளில் மட்டும் இந்த வித்தியாசம் 50 கிலோவைத் தாண்டிவிடும், ஏனென்றால் ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 0.84 கிலோ. எந்தக் கணக்கு என்று தெரியாதபோது, டேங்கை நிரப்பிக்கொண்டு எடைமேடைக்குப் போய் நிறுத்துவிடுவதே நல்லது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதுகில் எவ்வளவு ஏற்றலாம்

வண்டியின் மொத்த எடை வரம்பான ஜிவிஎம்மிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவது சுமை அளவு. பேலோடு என்பது இதுதான்.

ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக வரட்டும் என்று எண்களை முழுதாக்கி வைத்திருக்கிறேன், உங்கள் தகட்டில் இருப்பதை இதன் இடத்தில் போட்டுப் பாருங்கள். வெறும் எடை 2,050 கிலோ. ஜிவிஎம் 3,000. ஜிசிஎம் 6,000. பிரேக் உள்ள டிரெய்லர் இழுக்கும் அளவு 3,500. ஆக, சுமை அளவு 950 கிலோ.

950 கிலோ என்றால் ஒரு டன்னுக்குக் கிட்டத்தட்ட, அது போதாதா என்று தோன்றும். சரி, தைப்பூசத்துக்கு முந்தின நாள் எப்படி ஏற்றுவோம் என்று பாருங்கள். பெரியவர்கள் ஐந்து பேர், ஆளுக்கு 80 கிலோ என்றால் 400. பின் தொட்டிக்கு மேல் போட்ட கூரையான கேனோபியும், கொக்கியைத் தாங்கும் இரும்புச் சட்டமான டோபாரும் சேர்த்து 100, இவை வெறும் வண்டி எடையில் அடங்காது, நீங்கள் வாங்கிப் பொருத்திய எல்லாமே சுமைதான், இரும்பு பம்பர் போட்டிருந்தால் அதுவும். பின் தொட்டியில் பத்து கிலோ அரிசிப் பை 15, மற்ற மளிகை, காய்கறி எல்லாம் ஒரு 100, ஆக 250. மொத்தம் 750 ஆகிவிட்டது. மிச்சம் 200 கிலோ.

இப்போது டிரெய்லரைக் கொக்கியில் மாட்டுகிறோம். மாட்டியதும் அதன் எடையில் ஒரு பங்கு வண்டியின் முதுகில் உட்காரும். அதை இங்கே கொக்கி எடை என்றே சொல்கிறேன். பொதுவாக டிரெய்லரின் மொத்த எடையில் பத்து விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம். 2,000 கிலோ டிரெய்லர் என்றால் கொக்கி எடை 200. அதோடு வண்டியின் 950 கிலோவும் காலி. கையில் ஒரு சீனி மூட்டையைக் கூடுதலாக எடுத்து வைத்தாலும் வரம்பு தாண்டிவிட்டது.

மூன்றரை டன் இழுக்கும் என்று விளம்பரம் செய்த வண்டி, இரண்டு டன் டிரெய்லரிலேயே நிறைந்துவிட்டது. எஞ்சினுக்கு இதில் ஒரு குறையும் இல்லை, பின் ஸ்பிரிங், அச்சு, டயர், பிரேக் இவற்றுக்குத்தான் இடமில்லை.

அப்படியானால் அந்த 3,500 எப்போது நிஜமாகும்? ஜிசிஎம் 6,000 என்பதால் 3,500 கிலோ டிரெய்லர் கட்டினால் வண்டிக்கு 2,500தான் மிச்சம், அதில் வெறும் வண்டியே 2,050, மீதி 450 கிலோ. மேலே சொன்ன ஐந்து பேரும் கேனோபியும் டோபாரும் சேர்ந்தாலே 500. அதாவது மூன்றரை டன் இழுக்க வேண்டுமென்றால் பின் தொட்டியில் ஒன்றும் வைக்காமல், ஓர் ஆளையும் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் வண்டித் தயாரிப்பாளர்கள் பின்பற்றும் ஜே2807 என்ற சோதனை முறையிலும் வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரே ஒரு பயணியும் இருப்பதாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். விளம்பர எண்கள் ஏறக்குறைய காலி வண்டிக்கு உரியவை. நம் குடும்பங்கள் காலி வண்டியில் போவதே இல்லை.

டிரெய்லருக்கும் வரம்பு உண்டு

டிரெய்லரின் தகட்டில் அதன் சொந்த அதிகபட்ச எடை இருக்கும். அது வெறும் டிரெய்லரும் சாமானும் சேர்ந்தது. தகடே இல்லாத டிரெய்லரை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக வந்தாலும் சரி. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் இழுத்துச் செல்லப்படும் வண்டியும் அடங்கும், ஆகவே டிரெய்லர் ஏதோ இரும்புப் பெட்டி, பட்டறையில் வெல்டிங் வைத்து மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். முன்பணம் கொடுக்கும் முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அங்கீகாரம், பதிவுப் பத்திரம் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஓட்டுநர் உரிமம் அந்த வண்டிக்கும் டிரெய்லருக்கும் பொருந்துமா என்பதையும் அதே கையோடு ஜேபிஜே முகப்பில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டோபார் பொருத்தியதைக் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

மாதிரிக்கு ஒரு டிரெய்லர்: வெறும் எடை 600, அதிகபட்சம் 2,000. ஆக 1,400 கிலோ ஏற்றலாம். பந்தலுக்கு என்ன ஏற்றுவோம்? கம்பிக் கூண்டோடு வரும் அந்த ஆயிரம் லிட்டர் தொட்டி வெறுமனே 60 கிலோ இருக்கும், தண்ணீர் நிரப்பினால் 1,060. ஜெனரேட்டர் 90. நூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்று இரண்டரை கிலோ என்றால் 250. அடுப்பு, அண்டா, கேஸ் சிலிண்டர் எல்லாம் 150 (சிலிண்டரின் வெற்று எடை அதன் மேலேயே குத்தியிருக்கும், கேஸ் எடையைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்). மொத்தம் 1,550. டிரெய்லரோடு 2,150. வரம்பைவிட 150 கிலோ அதிகம்.

இந்த இடத்தில் நின்று நான்கு எண்களையும் ஒன்றாகப் பாருங்கள். இழுக்கும் அளவு 3,500, நம்மிடம் 2,150, பிரச்சினை இல்லை. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 2,800 கூட்டல் 2,150, அதாவது 4,950, ஜிசிஎம் 6,000, அதுவும் பிரச்சினை இல்லை. ஆனால் டிரெய்லர் தன் வரம்பை 150 கிலோ தாண்டிவிட்டது, கொக்கி எடை 215 ஏறியதும் வண்டி 3,015 ஆகி அதுவும் தன் வரம்பைத் தாண்டிவிட்டது. எல்லாரும் பார்க்கிற இரண்டு எண்களும் சரி என்கின்றன, யாரும் பார்க்காத இரண்டு எண்கள் இடிக்கின்றன. நான்கில் ஒன்று இடித்தாலும் கிளம்பக் கூடாது.

இதற்குத் தீர்வு ரொம்பச் சுலபம்: தண்ணீரை அங்கே போய் நிரப்புங்கள். ஒரே முடிவில் ஆயிரம் கிலோ இறங்கி டிரெய்லர் 1,150 ஆகிவிடும், கொக்கி எடை 115 ஆகிவிடும், வண்டியும் வரம்புக்குள் வந்துவிடும். அரைத் தொட்டியாவது கொண்டுபோகலாமே என்று சமாதானம் செய்துகொள்ளாதீர்கள், பாதி நிறைந்த தொட்டி நிறைந்த தொட்டியைவிட மோசம். பிரேக் போடும்போது ஐந்நூறு கிலோ தண்ணீர் முன்னால் பாயும், வளைவில் பக்கவாட்டில் பாயும், அதை எந்தக் கயிறும் பிடித்து வைக்காது.

கொக்கி எடைதான் உயிர்நாடி

டிரெய்லர் ஆட்டம் போடுவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று கொக்கி எடை குறைவது. சாமானின் பெரும்பகுதி டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், டிரெய்லரின் முன்பக்கம் கொக்கியைத் தூக்கப் பார்க்கும், லேசாக ஒரு காற்று, பக்கத்தில் ஒரு பேருந்து தாண்டினால் போதும், வால் இடமும் வலமுமாக வீசத் தொடங்கிவிடும். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவித்தால் வண்டியின் பின் அச்சு அமுங்கும். பாரமானதை அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலும், முடிந்த அளவு தரையோடு ஒட்டி வையுங்கள். ஜெனரேட்டரை ஏற்ற இறக்க வசதி என்று பின் கதவுக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

கொக்கி எடை அமெரிக்காவில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு என்பார்கள், ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய பத்து, ஐரோப்பாவில் இன்னும் குறைவாக வைப்பார்கள், அவர்களுடைய டிரெய்லர்களின் வடிவமைப்பும் வேகமும் வேறு. கையேடு ஒரு எண் சொன்னால் அதுவே சட்டம். சொல்லாவிட்டால் பத்தில் ஆரம்பியுங்கள்.

பின் அச்சு விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, பலரும் இதைப் போடுவதே இல்லை. கொக்கி பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே சிறுவர் பூங்காவில் ஏறி இறங்கும் பலகை மாதிரி, பின்னால் அமுக்கினால் முன்னால் தூக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் என்று வையுங்கள். கொக்கியில் 200 கிலோ இறங்கினால் பின் அச்சில் ஏறுவது 200 இல்லை, 200ஐ 4.2ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 280. முன் அச்சிலிருந்து 80 கிலோ குறைந்துவிடும். மொத்த எடை வரம்புக்குள் இருந்துகொண்டே பின் அச்சு வரம்பைத் தாண்டுவது இப்படித்தான். பின் தொட்டியில் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எந்த மூட்டைக்கும் இதே கணக்குதான். முன் சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங் இலேசாகிவிடும், மழையில் முன் டயரின் பிடிப்பு குறையும், முகப்பு விளக்கு எதிரில் வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

வண்டியின் பின்பக்கம் அமுங்கியிருக்கிறது என்று காற்றுப் பை, கூடுதல் ஸ்பிரிங் தகடு போடுவார்கள். அது வண்டியை நிமிர்த்தும். வரம்பை ஒரு கிலோகூட உயர்த்தாது. அச்சு அதேதான், சக்கரத் தாங்கிகள் அதேதான், பிரேக் அதேதான். பார்வைக்கு நேராக நிற்பதால் ஆபத்து கண்ணில் படாமல் போவதுதான் இதில் கிடைக்கிற ஒரே மாற்றம்.

கொக்கி எடையை வீட்டிலேயே அளக்கலாம். சிறிய டிரெய்லர் என்றால் குளியலறையில் ஆள் நிறுக்கும் தராசின் மேல் ஒரு மரக்கட்டை வைத்து, பயண நேரத்தில் கொக்கி நிற்கும் உயரத்தில் டிரெய்லரின் முன்முனையை அதன் மேல் இறக்குங்கள். தராசு 150 கிலோவோடு நின்றுவிடும் என்றால் ஒரு உறுதியான சட்டத்தை எடுத்து, ஒரு முனையைச் செங்கல் மேலும் மறு முனையைத் தராசின் மேலும் வையுங்கள், இரண்டு முனையிலும் சட்டத்துக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டு இருக்கட்டும். செங்கலிலிருந்து ஒரு பங்கு, தராசிலிருந்து இரண்டு பங்கு தூரத்தில் டிரெய்லரின் முனை உட்கார வேண்டும். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கொக்கி எடை. டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, தரை சமமான இடத்தில் செய்யுங்கள்.

கொக்கி, சங்கிலி, டயர், பிரேக்

இழுக்கும் பாதையில் இருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரம்பு உண்டு. டோபாரில் ஒரு தகடு, கொக்கியின் நுனியில் இருக்கும் இரும்புப் பந்தில் ஒரு முத்திரை, அந்தப் பந்தைக் கவ்வும் டிரெய்லர் முனையான கப்ளரில் ஒரு முத்திரை. எல்லாவற்றிலும் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. பந்தின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் கப்ளரில் 47.6 மில்லிமீட்டர் பந்து உள்ளே போய்விடும், பூட்டியது போலவும் தெரியும், ஒரு பள்ளத்தில் குதித்ததும் கழன்றுவிடும்.

ஐரோப்பிய டோபார் தகட்டில் டி என்றொரு மதிப்பு கிலோநியூட்டனில் இருக்கும். வண்டியின் மொத்த எடையையும் டிரெய்லரின் எடையையும் டன்னில் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்குங்கள். 3 டன் வண்டி, 2 டன் டிரெய்லர் என்றால் ஆறை ஐந்தால் வகுத்து 9.81ஆல் பெருக்க, 11.8 வருகிறது. தகட்டில் இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த டோபார் உங்களுக்குப் போதாது. எஸ் என்று பக்கத்தில் இருப்பது கொக்கி எடையின் வரம்பு. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், கப்ளர் கழன்றாலும் டிரெய்லரின் முனை தரையில் குத்தாமல் சங்கிலிமேல் உட்காரும்.

டயர் விஷயத்தில் கறாராக இருங்கள். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண்தான் சுமைக் குறியீடு. 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும், 82 என்றால் 475, 91 என்றால் 615, 100 என்றால் 800. நம் மாதிரி டிரெய்லருக்கு நான்கு சக்கரம், 2,000 கிலோவில் 200 கொக்கிக்குப் போனால் சக்கரங்களில் 1,800. 75 குறியீட்டு டயர் நான்கும் சேர்ந்து 1,548தான். அதாவது டிரெய்லரின் தகடு 2,000 என்று சொன்னாலும், யாரோ பழைய சின்னக் கார் டயரைக் கழற்றி மாட்டியிருந்தால் அந்த 2,000 வெறும் எழுத்துதான். அப்புறம், தேதி. டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் ஆண்டும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டிரெய்லர் டயர் தேய்வதில்லை, வெயிலில் நின்று நின்று வெடிக்கிறது, நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். டயரின் பூவேலைப்பாடு, அதாவது தரையில் படும் வரிப்பள்ளங்கள், புதிதுபோல இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வேறு வரம்பு. பல பிக்கப்களின் கையேட்டில் அது 750 கிலோ. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதற்கு மேல் போனால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும் என்பது விதி. 3,500க்கும் 750க்கும் இருக்கிற தூரத்தைப் பாருங்கள். உங்கள் டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் விளம்பர எண்ணை மறந்துவிடுங்கள், தண்ணீர் இல்லாத பந்தல் டிரெய்லர்கூட 1,150 கிலோ, அதுவே பிரேக் கேட்கிற எடைதான்.

எடைமேடையில் நிறுத்துப் பார்க்கும் முறை

தாளில் போட்ட கணக்கு ஒரு மதிப்பீடுதான். பழைய இரும்புக் கடை, மணல் கிடங்கு, கல்குவாரி இங்கெல்லாம் லோரி நிறுக்கும் மேடை இருக்கும், பலகையில் ஜம்பாத்தான் திம்பாங் என்று எழுதியிருக்கும். பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் தொழிற்பேட்டைகளின் பக்கம் விசாரித்தால் வழி காட்டுவார்கள். கூட்டமில்லாத நேரமாகப் போய், நான்கு தடவை நிறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டேங்க் நிறைய எண்ணெய், போகப்போகும் ஆட்கள் எல்லாரும் உள்ளே, சாமான் எல்லாம் ஏற்றியபடி. முதலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் நிறுங்கள். பிறகு டிரெய்லரை மாட்டி, வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில், டிரெய்லர் சக்கரங்கள் வெளியே இருக்கும்படி நிறுத்தி நிறுங்கள். இதிலிருந்து முதல் எடையைக் கழித்தால் கொக்கி எடை, இந்த இரண்டாவது எடையைத்தான் ஜிவிஎம்மோடு ஒப்பிட வேண்டும். மூன்றாவது, டிரெய்லர் மாட்டியபடியே வண்டியின் பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி: இதுதான் பின் அச்சு எடை. முன்சக்கரங்கள் மேடையைத் தாண்டி, டிரெய்லர் இன்னும் ஏறாமல் இருக்க வேண்டும், மேடை நீளமாக இருந்தால் இதற்குப் பதிலாக முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்து, இரண்டாவது எடையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நான்காவது, வண்டியும் டிரெய்லரும் முழுதாக மேடைமேல்: இது ஜிசிஎம்மோடு ஒப்பிட. நான்காவதிலிருந்து முதல் எடையைக் கழித்தால் டிரெய்லரின் மொத்த எடை, அதை டிரெய்லர் தகட்டோடு ஒப்பிடுங்கள்.

பெரிய லோரி மேடைகள் பத்து, இருபது கிலோ படியில் காட்டும், ஆகவே வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் கொஞ்சம் இடம் விடுங்கள். நான் பத்து விழுக்காடு விடச் சொல்வேன். மழையில் நனைந்த துணிப் பந்தல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும், போகும்போது இருந்த எடை திரும்பும்போது இருக்காது. எடைமேடையில் தரும் எடைச் சீட்டைக் கையுறைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில்

வேகம் 80லிருந்து 100க்கு ஏறும்போது, நிறுத்த வேண்டிய ஆற்றல் 56 விழுக்காடு கூடுகிறது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஆகவே நெடுஞ்சாலையிலும் 80ஐத் தாண்ட வேண்டாம், முன்னால் போகும் வண்டிக்கு வழக்கமாக விடும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்கு பாலத்திலும், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலத்திலும் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும், உயரமான உணவு டிரெய்லர் அந்தக் காற்றைப் பாய்மரம்போல வாங்கிக்கொள்ளும். புயல்மழை கறுத்துக்கொண்டு வந்தால் பாலம் ஏறும் முன்பே ஓரிடத்தில் நிறுத்திக் காத்திருங்கள்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் கால் உடனே பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் கைவிசை இருந்தால் அதை மட்டும் அழுத்துங்கள். வேகம் குறைந்ததும் ஆட்டம் நிற்கும். நின்ற பிறகு பயணத்தைத் தொடராமல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திச் சாமானை மாற்றி அடுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த இறக்கத்தில் மறுபடியும் வரும்.

கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கப் பகுதியின் ஏற்ற இறக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீவுக்குள்ளேயே தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையும் அப்படித்தான், அங்கே வளைவும் சேர்ந்துகொள்ளும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், இறங்க ஆரம்பித்த பிறகு குறைக்கலாம் என்று விட்டால் வண்டி அதற்குள் வேகம் பிடித்துவிடும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறி, மிதித்தும் நிற்காத நிலை வரும். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள்.

புறப்பட்டு இருபது, முப்பது கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்துங்கள். நான்கு சக்கர நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் அதன் பேரிங்கோ பிரேக்கோ பிடித்திருக்கிறது. சக்கர நட்டு, கட்டுப்பட்டை, சங்கிலி, விளக்கு வயர் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். படகு டிரெய்லர் என்றால் சூடான சக்கரத்தை உடனே கடல்நீரில் இறக்காதீர்கள், சூட்டில் விரிந்த காற்று குளிர்ந்து சுருங்கும்போது உப்புநீரை பேரிங்குக்குள் இழுத்துவிடும். ஆறவிட்டு இறக்குங்கள், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், கிரீஸ் வெளுத்துப் பால்போல ஆகியிருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் போமனிடம் (மெக்கானிக்கிடம்) கொடுத்து மாற்றிவிடுங்கள்.